ஐந்தாவது பட்டை

தொட்டி நிறைந்ததும் என் வண்டி
நாய் மாதிரி பின்காலில் உட்கார்ந்துவிடும்.
முகப்பு விளக்குகள் பாதையை விட்டுவிட்டு
முள்மரத்து உச்சிகளைத் தேடும்.
கான்சியிலிருந்து மாட்டுப்பட்டி வரை
அறுபத்தெட்டு கிலோமீட்டர், எல்லாம் மணல்.
எதிரே கழுதை நின்றால் தெரியாது.
கழுதைக்கு மேலே இருக்கும் நட்சத்திரம்
நன்றாகத் தெரியும்.

ஆயிரம் லிட்டர் என்றால் ஆயிரம் கிலோ.
போர்வெல் எஞ்சின் நின்றுபோன ஆகஸ்டிலிருந்து
பதினோரு மாடுகளுக்காக
ஒருநாள் விட்டு ஒருநாள்
அந்தக் கணக்கை நான் ஓட்டிப்போனேன்.
ஒவ்வொரு குழியிலும் இருக்கைக்குப் பின்னால்
யாரோ சுத்தியலால் அடிப்பார்கள்.

கவேட்டு மணலில் மல்லாந்து
அடியில் போனான்.
வெளியே இரண்டு செருப்புகள் மட்டும்.
செருப்புகளோடுதான் பேச வேண்டியிருந்தது.
"நாலு பட்டையும் நிமிர்ந்துபோச்சு," என்றன அவை.
"வில் என்றால் வளைந்திருக்கணும்.
இதை வைத்து நீ கோடு போடலாம்."
பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ஆக்சில் எங்கே இடிக்கிறது பார்,
ரப்பர் கட்டை பாதிதான் மிச்சம்."

மௌன் சாலையில் கவிழ்ந்த
லாண்ட் குரூசரின் பட்டை ஒன்று
அவன் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது.
அந்த வண்டியில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்
என்று நான் கேட்கவில்லை.
அளந்தான், அறுத்தான், முனையைத் தேய்த்தான்.
நடு போல்ட்டைக் கழற்றும்போது மட்டும்
"விலகி நில்" என்றான்.
இறுக்கியிருந்த கிளாம்பைத் தளர்த்தத் தளர்த்த
பட்டைகள் ஒவ்வொன்றாகப்
பெருமூச்சு விட்டன.

பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்ட மறுத்தான்.
ஒருமுறை இழுபட்டது இழுபட்டதுதானாம்.
ஐந்து பட்டையின் தடிமனுக்கு நீளமான புதுசு.
கிரீஸ் தடவிய விரலை என் பக்கம் நீட்டி,
"இருநூறு கிலோமீட்டர் ஓடியதும்
நட்டை மறுபடி இறுக்கு. மறந்துவிடாதே."

இனி எவ்வளவு ஏற்றலாம் என்றேன்.
"முன்னால் ஏற்றியதைத்தான்.
குனியாமல் நிற்கும், அவ்வளவே.
பிரேக்கிடம் நான் எதுவும் பேசவில்லை."

எழுநூறு பூலா கேட்டான்.
எங்கள் பேச்சில் பூலா என்றால் மழை.
காசுக்கும் மழைக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள்
இரண்டையும் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள்.
அறுநூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டான்.

அன்றிரவு விளக்குகள் தரையில் விழுந்தன.
பாதையில் இரண்டு முயல், ஒரு அறுந்த செருப்பு,
நான் இத்தனை நாளும் தப்பவிட்டிருந்த அதே கழுதை.
ஹாரன் அடித்தேன்.
அது யோசித்து நகர்ந்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று.
டிசம்பரில் ஒரு மத்தியானம்
எல்லாம் சேர்த்துப் பெய்தது.
பட்டிக்குப் பக்கத்துப் பள்ளம் ஏரியாயிற்று.
மாடுகள் என் தொட்டியைத்
தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

காலி வண்டி திரும்பி வந்தது.
வந்தது என்ன, உதைத்துக்கொண்டே வந்தது.
மேடு தோறும் என் தலை கூரையில்.
நாத்தனார் கெபொனேயின் மடியில்
முப்பது முட்டை.
கான்சி சேர்ந்தபோது பதினெட்டு.
"உன் வண்டிக்கு என் மேல் ஏதாவது
மனஸ்தாபமா?" என்று கேட்டாள்.

கவேட்டு சிரித்தான்.
"சுமைக்குப் பழக்கிவிட்டோம்,
வெறுமனே இருக்கச் சொன்னால் கோபம் வராதா?
அந்தப் பட்டையைக் கழற்றட்டுமா?"

நான் மேற்கே பார்த்தேன்.
மேகம் நிறைய இருந்தது.
இதே மேகத்தைப் போன வருஷமும் பார்த்தேன்.
இருக்கட்டும் என்றேன்.

நாலு மணல் மூட்டை கட்டிப்
பின்னால் போட்டேன்.
வீடு போய்ச் சேருமுன் மறுபடி மழை.
மூட்டைகள் நனைந்தன,
கனம் கொஞ்சம் கூடியிருக்க வேண்டும்.
ரயில்போல் ஓடத் தொடங்கியது வண்டி.
கெபொனே தூங்கிவிட்டாள்,
மிச்ச முட்டைகளைப் பிடித்தபடி.