தலைகீழாகப் பிடியுங்கள்

செய்தியில் சொன்ன ஓட்டை
என் வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறதா
என்று கேட்டார் மிர்ட்ஸா வீடோலா.
இரவு பதினொன்றே கால்.
லியபாயா நகரின் ஒரே டிராம் தடத்தில்
கடைசி வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு
சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அழைக்கிறார்.
எனக்கு அன்றைக்கு அறுபத்துமூன்றாம் அழைப்பு.

மேலதிகாரி ஒட்டிவைத்த தாளில்
பதில் தயாராக இருந்தது:
கவலைப்பட எதுவுமில்லை, ஆராய்ந்து வருகிறோம்.
கவலைப்பட எதுவுமில்லை என்றால்
எதை ஆராய்கிறீர்கள் என்று
அறுபத்திரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.
இவர் கேட்டார்.

சரி, ரவுட்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள்,
அடியில் ஒரு வெள்ளைச் சீட்டு இருக்கும்.
"இருங்கள், செருப்பு அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது."
ஏதோ விழுந்தது. ஏதோ உருண்டது.
லாட்விய மொழியில் ஒரு வசவு,
நல்ல பழைய வசவு, தூசிக்கு.
பிறகு எழுத்தெழுத்தாக வாசித்தார்
அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் குரலில்:
டபிள்யூ, ஆர், நான்கு,
அப்புறம் எட்டோ பூஜ்யமோ, அழிந்திருக்கிறது.
கடவுச்சொல்?
"அதையும் இங்கேயே அச்சடித்திருக்கிறார்களே."
மாற்றவே இல்லையா?
"மாற்றலாமா?"

தேடினேன்.
அதைச் செய்த கம்பெனியை இன்னொன்று விழுங்கி
விழுங்கியதும் செத்துப்போயிருந்தது.
கடைசித் திருத்தம் ஒன்பது வருடங்களுக்கு முன்,
ஒரு மார்ச் மாதம்.
ஊரே பதறும் பிழை
அதற்கும் பிறகு எழுதிய வரிகளில்தான் புகுந்தது.

உங்களுடையதில் அது இல்லை என்றேன்.
அந்தத் தப்பைச் செய்கிற அளவுக்கு
உங்கள் பெட்டி வளரவேயில்லை.
சிரித்தார். கோட்டின் ஜிப் இறங்கும் ஓசை கேட்டது.

அங்கேயே போனை வைத்திருக்கலாம்.

ஆனால் அதில் வேறு பதினொன்று இருந்தன.
யாரும் பெயர் சூட்டாதவை, செய்தியில் வராதவை,
அடைக்க இனி எந்தக் கொத்தனும் வராதவை.
வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது பழைய கணக்கு;
இப்போது வீட்டுக்கு இரண்டு,
இரண்டாவது செருப்புகளுக்குப் பின்னால்
பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.
அடையாத வாசல் வள்ளலுக்கு அழகு.
பதினெட்டு யூரோப் பெட்டிக்கு என்ன அழகு?

"யாராவது உள்ளே வந்திருப்பார்களா?"
தெரியாது.
"வந்தால் தெரியுமா?"
தெரியாது.
"டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவனை
முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இதற்கு முதுகே இல்லையே" என்றார்.

கடலில் காற்று எழுந்து
என் ஜன்னலையும் அவர் ஜன்னலையும்
ஒரே நேரத்தில் உலுக்கியது. மூன்று தெருதான் இடைவெளி.

"பன்னிரண்டுக்கு மகன் கூப்பிடுவான்,
பெர்கனுக்கு மேலே எங்கோ கப்பலில் இருக்கிறான்.
அதுவரை இருக்கட்டும். அப்புறம் பிடுங்கிவிடுகிறேன்."
இருக்கட்டும் என்றேன்.
அது தாளில் இல்லாத பதில்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
பாதிப்பு உண்டு. பாதிப்பு இல்லை.
'இல்லை'யில் குறியிட்டேன்.
அறுபத்துநான்காம் ஆள் ஏற்கெனவே காத்திருந்தார்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு
என் திரையின் ஓரத்தில்
ஒரு பச்சைப் புள்ளி அணைந்தது.
நீண்ட நேரம் பேசியிருக்கிறார்கள்.