அரைப்பேர்

ஹட்டன் நூலகத்தில் கடைசி அலுமாரி.
ஈரம் குடித்து வீங்கிய புத்தகம்;
அட்டையில் செல்லரித்தது போக
'இருளா' வரை இருக்கிறது.

கொழுந்து ரெண்டு கிலோ குறைந்தால்
செக்ரோலில் அரைப்பேர் விழும்,
அது எனக்குத் தெரியும்.
புத்தகத்துக்குமா?

நின்றபடியே பிரித்தேன்.
பதினோராம் பக்கத்தில் ஒருத்தி
அட்டை கடித்த காலோடு
கணக்கப்பிள்ளையிடம்
'மறுபடி நிறுங்க' என்கிறாள்.
அம்மா அப்படிச் சொன்னதேயில்லை.
நானும்.
அவர் நிறுக்கவில்லை.
கதை அங்கேயே முடிகிறது,
எனக்கு முடியவில்லை.

அடுத்த கதையில் மழை மட்டும்.
மஸ்கெலியா கடைசி பஸ் போயிற்று.

திகதித் தாளில் ஒரே முத்திரை,
நான் பிறந்த வருஷம்.
"இதையா?" என்றார் நூலகர்.
"பேரைச் சொல்லுங்க, எழுதணும்."

இருளாயி, என்றேன்.

உங்க பேரம்மா, என்றார்.