ஓரியோ?

என் வகுப்பில் நாங்கள் நாலு ஜெயக்குமார்.
கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் இலக்கமும் எழுதுவோம்.
நான் நாலு.
"நாலு, எழும்பு" என்பார் வாத்தியார்,
ஜெயக்குமாரை முழுதாகவே விட்டுவிட்டு.

ஆகவே மகனுக்கு,
ஸ்காபரோவில் ஒரு பெப்ரவரிப் பனியில் வந்தவனுக்கு,
யாரிடமும் இல்லாத பெயர் தேடி
அகராதியை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன்.
தர்மினி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:
"இப்ப உது அவசியமோ?"

ஓரி.
கொல்லிமலை வில்லாளி.
அவனுடைய குதிரைக்கும் அதே பெயராம்.
அகராதி அதோடு நிற்கவில்லை:
ஆண் நரி.
குதிரையின் பிடரிமயிர்.
கூட்டில் தேன் முற்றும்போது அதில் ஏறுகிற நீலம்.
நான் நீலத்துக்காக வைத்தேன்.
நரியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

தொலைபேசியில் சொந்தங்கள் கேட்டன:
"என்ன, ஓரியோ?"
கேள்வி சரி, இலக்கணமும் சரி.
ஆனால் கடையில் அந்தப் பெயரில் ஒரு பிஸ்கட் இருக்கிறது,
கறுப்பு, நடுவில் வெள்ளைக் கிறீம்.
மருமகனைப் பார்க்க வந்த மச்சான்
ஒரு பெட்டி வாங்கிவந்தான்.
"பாலை நீ வை" என்றான்.

மாகாணம் வருடாவருடம்
பிள்ளைகளின் பெயர்களை எண்ணிப் போடும்.
ஐந்து பேருக்குக் குறைந்த பெயர் அதில் ஏறாது.
ஏறியிருக்காது என்ற பெருமையோடுதான் தேடினேன்,
பேருந்துக் கொட்டகையில், விடியல் ஷிப்டுக்கு முன்.
இருந்தது.
ஓரி, ஆண், ஏழு.

ஏழா?
மற்ற ஆறு பேர் எந்த அகராதியைப் புரட்டினார்கள்?
மார்க்கம் ரோட்டில் ஏறிய குழந்தைவண்டிகளை எல்லாம்
கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டினேன்.
பிறம்ப்டனிலோ ஏஜக்ஸிலோ
இன்னொரு நாலாம் நம்பர்க்காரன்
மனைவியிடம் வாங்கிக் கட்டியிருப்பான்.
முதலில் அவன்மேல் கோபம் வந்தது.
பிறகு அவனோடு ஒரு தேத்தண்ணி குடிக்க ஆசை வந்தது.
கோயிலில் விசாரித்தேன், தமிழ்ப் பள்ளியில் விசாரித்தேன்.
"ஓரியோ?" என்று சிரித்தார்கள்.

ஆறு வயதில் பனிச்சறுக்குப் பழக விட்டோம்,
தோர்ன்ஹில் அரங்கில், சனி காலை.
பயிற்றுநர் வாயிலிருந்த விசிலை எடுத்து
"ஓரி!" என்றாள்.
மூன்று தலைக்கவசங்கள் திரும்பின.

ஒருவனுடைய தாய் எஃப்ராத்.
"ஹீப்ருவில், என் ஒளி" என்றாள்,
கையுறையோடு நெஞ்சைத் தொட்டு.
மற்றவனின் தகப்பன் அடெவாலே,
ஓரியோமி என்ற நீளப் பெயரைச் சுருக்கியிருந்தார்.
"யொரூபாவில் ஓரி என்றால் தலை.
தலைக்கு வாய்த்த விதியும் அதுதான்."
எங்களிடமும் தலையெழுத்து உண்டு என்று சொல்லப் போய்
ஆங்கிலம் போதாமல்
நெற்றியில் விரலால் எழுதிக் காட்டினேன்.
அவரும் தன் நெற்றியில் எழுதிப் பார்த்தார்.
"உங்களுடையது?"
தேன், நீலம் என்று தொடங்கி
ஏனோ முதல்முறையாக நரியையும் சொன்னேன்.
எஃப்ராத்துக்கு நரிதான் பிடித்தது.

பட்டியலுக்கு இதொன்றும் தெரியாது.
மூன்று கரைகளிலிருந்து வந்த மூன்று சொல்லை
ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டிவிட்டது.
இன்னும் நாலு பேர் எங்கோ இருக்கிறார்கள்.

குழம்பாமலிருக்கப் பயிற்றுநர்
தலைக்கவசங்களில் நாடா ஒட்டி இலக்கம் எழுதினாள்.
என் மகன் மூன்று.
வயிற்றுக்குள் எனக்கு என்னவோ பிசைந்தது.
வீட்டுக்கு வந்தும் அவன் அதை உரிக்க விடவில்லை.
"நாங்கள் மூன்று பேர் அப்பா!"
குளியலறை வரை போட்டுக்கொண்டு போனான்.

அடுத்த சனி, நாடாக்கள் ஈரத்தில் கழன்றுவிட்டன.
வகுப்பு முடிந்து மூன்று பேரும் தடுப்போரம் வந்து நின்றார்கள்,
ஒரே உயரம், ஒரே கம்பிமுகம்.
எது என்னுடையது?
குனிந்து ஒவ்வொருவராய்க் கேட்டேன்:
"ஓரியோ?"
இரண்டு பேர் பிஸ்கட்டுக்குக் கை நீட்டினார்கள்.
ஒருவன் சொன்னான்,
"ஓம் அப்பா."