கால் திருகு

பீப்பாய்த் தண்ணீரில் ஒழுங்காகத்தான் ஓடியது
ஐம்பத்தெட்டாம் வருட ஜான்சன்.
மாயேபூர் கரை விட்டுப்
பவளத்திட்டு தாண்டியதும் இருமல்.

"ஊசியை மூடு" என்றான் மைத்துனன் கார்ப்பனேன்.
மூடினேன்.
மூச்சே நின்றது.
சிங்கமலை மெல்ல இடம் மாறுகிறது.
நகர்வது நாங்கள்தான், நீரோட்டத்தில்.

குமிழ் உடைந்த ஊசியைத் திருப்புளியால்
அடிவரை இறுக்கி, ஒன்றரைச் சுற்று தளர்த்திக்
கயிற்றை இழுத்தேன். ஏழாவது இழுப்பில்
நீலப் புகை; அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையெல்லாம் எண்ணெய்.
இன்னும் கால் திருகு.
இல்லை, அதிலும் பாதி.

சட்டென்று சத்தம் சீரானது.
விடியற்காலையிலிருந்து யோசனை சொல்லிக்கொண்டே வந்தவன்
வாயை மூடிக்கொண்டு
தண்ணீரில் கை நனைத்தான்.

மகிழ்ச்சியில் திருப்புளி
கடலுக்குள் போய்விட்டதைக்
கரை சேரும்வரை நான் சொல்லவில்லை.