ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு கோடு

திரையில் அலைவரிசைகள் அருவியாய் வழிகின்றன,
நீலமாய், சத்தமில்லாமல்.
நடுவில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு,
மூன்று வாரமாய்.

பாயா தெருபோங், பதினேழாம் மாடி.
லிஃப்ட் மோட்டாரைச் சந்தேகித்தேன்.
கீழ்வீட்டு மீன்தொட்டிப் பம்பை.
பிறகு, கூ வீட்டு வாசலில் எரியும்
சிவப்புச் சாமி விளக்கை.
கேட்கக் கூசியது. கேட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல் அணைத்தார்.
ஊதுபத்தி மட்டும் புகைந்தது.
கோடு அசையவில்லை.

இன்றிரவு மலைப்பக்கம் இடி. கரண்ட் போனது.
பேட்டரியில் லேப்டாப் மட்டும் விழித்திருக்க,
கோடு இருந்த இடத்தில்
புள்ளியும் கீற்றுமாய்
யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்,
எத்தனை நாளாகவோ.

கரண்ட் வந்தது. கோடும் வந்தது.
என் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன்.
போயே போனது.

காரிடார் முழுக்க வெளிச்சம்,
கூ வீட்டுச் சாமியைத் தவிர.