வடக்கு ஜன்னல்

பல் மருத்துவர் ஓயார்சோ
அங்கூதிலிருந்து பேருந்தில் வந்திறங்கினார்,
கம்பளியில் சுற்றிய ஓவியத்தோடு.
பிரித்து மேசைமேல் வைத்து
"படகைக் காணோம்" என்றார்.

உண்மைதான்.
ஒன்பது வருடம் முன் நான் சட்டமிட்ட அதே தாள்.
கடல் இருந்தது.
காஸ்த்ரோவின் மரக்கால் வீடுகள்
ஓதத்தில் முழங்கால் நனைய நின்றன.
நடுவில் பென்சில் கோடாய் ஒரு படகு,
அதன் இளஞ்சிவப்பு மட்டும்
கரையிறங்கிப் போயிருந்தது.

"சிகிச்சைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்.
கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்."

ஒதிலியா கார்கமோ மூக்குக் கண்ணாடியை
நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தாள்.

சால்மன் ஆலையில் பெட்டிகளுக்கு எண் எழுதியவள்.
ஆலை மூடிய அன்று கிடைத்த பணத்தில்
தாள் வாங்கினாள், அடுப்புக்கு விறகு வாங்கவில்லை.
இந்தத் தீவில் ஒரு கழுவல் காய இரண்டு நாளாகும்.
அவள் அவசரப்படுத்தியதில்லை.
பாதி மேகத்தை ஈரமே வரையட்டும் என்று
எழுந்து உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விடுவாள்.
வெள்ளை நிறம் அவள் பெட்டியில் கிடையாது.
வெள்ளை தாளுடையது,
அதைத் தொடாமல் விடுவதற்குத்தான் எனக்குக் கூலி
என்பாள்.

சந்தியாகோ நடுவர்கள் 'தபால் அட்டை' என்றார்கள்.
ஒரு விடுதி ஒரே தேவாலயத்தைப் பன்னிரண்டு கேட்டது.
பதினொன்று தந்தாள்,
பன்னிரண்டாவதில் பாதிரியாரின் குடை மட்டும்.
அதுதான் முதலில் திருட்டுப்போனது.

அன்றிரவு கணக்கு நோட்டை எடுத்தாள்.
புவேர்த்தோ மொந்த்தில் தள்ளுபடியில் வாங்கிய ஒரு குழாய்.
முப்பத்தேழு ஓவியங்கள்.
முப்பத்தேழு கடிதங்கள்:
'உங்கள் படத்திலுள்ள சிவப்பு போய்க்கொண்டிருக்கிறது.
கொண்டுவாருங்கள், அல்லது பணத்தைத் தருகிறேன்.'

பதினொரு பதில்கள்.
படகுத்துறைக் கப்பல்காரர் எழுதினார்:
என் அறைக்கு ஜன்னலில்லை, இன்னும் எரிகிறது.
புந்தா அரேனாஸ் பெண்மணி: என் மகன்
மெழுகு வண்ணத்தால் சரிசெய்துவிட்டான்.
ஒருவர்: எந்தப் படம்?

ஓயார்சோ திருத்த விடவில்லை.
பழகிவிட்டது என்று அதே கம்பளியில் சுற்றிக்கொண்டு
நான்கு மணி பேருந்தைப் பிடித்தார்.

இப்போது அவள் வடக்கு ஜன்னலில்
பெட்டியிலுள்ள நிறமெல்லாம் பட்டை பட்டையாய்,
பாதிக்குக் கறுப்பு அட்டை, பாதி வெயிலுக்கு.
(எங்கள் சூரியன் வடக்கே நடக்கும்.)
எது நிற்கும், எது ஓடும்
என்று கோடை முழுக்கப் பார்க்கப்போகிறாளாம்.
ஐம்பத்தெட்டு வயதில் பள்ளிப் பிள்ளைபோல
தேதி எழுதி வைத்திருக்கிறாள்.

நேற்று கேட்டாள்:
"அந்தப் படங்களுக்குப் போட்டாயே, நல்ல கண்ணாடி,
வெயிலைத் தடுக்குமே,
அதில் ஒரு துண்டு கொடு.
அதன் கீழும் ஒரு பட்டை ஒட்ட வேண்டும்."

நல்ல கண்ணாடிக்குத்தான் அவள் பணம் கொடுத்தாள்.
அந்த வருடம் என் கூரையில்
துத்தநாகத் தகடு புதிதாக ஏறியது.

குழாய்மேல்தான் பழி என்கிறாள்.
குழாயும்தான்.

இரண்டு துண்டு வெட்டி
பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன்.
மழை பெய்கிறது, கூரை ஒழுகவில்லை.
நேராகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே.
விளிம்பைப் பார்த்தால்தான்
ஒன்று பச்சை.