செம்பட்டை

விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன, பாம்பன் தெற்குவாடியில்.
தடைக்காலம் பாதி முடிந்திருக்கிறது.
வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும்
யாரோ கூட்ட வருகிறார்கள்.

ஜெனோவா நாலு எலுமிச்சை வாங்கிவரச் சொன்னாள்.
இந்த வெயிலுக்கு ஒன்று பன்னிரண்டு ரூபாய்.
நெத்திலிக்கு எலுமிச்சை எதுக்குடி
என்று கேட்டுவிட்டுத்தான் போனேன்.

தலைக்காம்.

பிழிந்த சாற்றுக்குப் பாதி தண்ணீர்,
ஒரு கரண்டி தேன்,
கிறிஸ்துமஸ் பிரியாணியில் மிஞ்சிய பட்டை இரண்டு துண்டு,
அம்மியில் நுணுக்கி.
கலக்கியது எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் கிண்ணத்தில்.
அடியில் என் பெயரைச் 'சந்தியகு' என்று வெட்டியிருப்பார்கள்,
ஒரு கால் குறைத்து.

தேங்காயெண்ணெய் தொடாத ஆறாம் நாள்.
மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி,
நெத்திலி காயும் சாக்குக்குப் பக்கத்தில்.
முடியை முதுகில் விரித்து
வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.
எறும்புகள் நடுவழியில் நின்று யோசிக்கின்றன,
மீனுக்குப் போவதா தேனுக்குப் போவதா என்று.

பின்தலைக்கு அவள் கை எட்டவில்லை. நான்தான் தடவுகிறேன்.
நரம்புவலை அறுத்த விரலில் சாறு இறங்கி எரிகிறது.
கடல்தண்ணீருக்குப் பழகிய புண்
இதற்குப் பழகவில்லை.
அடுத்த மாடியிலிருந்து விமலி கேட்கிறாள்:
'என்னக்கா, ஊறுகாயா?'
'ஆமாடி. தலைக்கறி ஊறுகாய்.'

கச்சான் காற்று மணலை அள்ளி
அந்தத் தலையிலேயே கொண்டுவந்து அப்புகிறது.

நாலாம் வகுப்பில் என் பெயர் செம்பட்டை.
வருகைப்பதிவில்கூட வாத்தியார் அப்படித்தான் கூப்பிடுவார்.
நானும் உள்ளேன் ஐயா என்பேன்.
பெண் பார்க்கப் போன அன்று
அரைப் புட்டி எண்ணெயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனேன்.
அப்படியும் இவள் சித்தி அடுப்படியில் சொன்னாளாம்,
'பையன் பரவாயில்ல, தலைதான் தேங்கா நாரு.'
இதை இவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்,
மூத்தவன் பிறந்த பிறகு.

'எந்தக் கலர்தான் வேணும் உனக்கு?'
'இந்தா, உன் கலர்தான்' என்று என் கிருதாவைப் பிடித்து இழுத்தாள்.
'இதுல கொஞ்சம் தேன் சேர்ந்த மாதிரி.
பத்துத் தடவை வச்சா வருமாம்.'
எனக்கு இருபத்திரண்டு வருசம் ஆனது, உப்பும் வெயிலுமாக.
சொல்லவில்லை.

எட்டாம் நாள்
இடது காதோரம் ஒரு விரல் அகலத்துக்கு
ஏதோ மாறியிருந்தது.
வாசலுக்கு இழுத்துப்போய் நிறுத்தினாள்.
'தெரியுதா?'
அந்த நேரம் பார்த்து ஒரு மேகம்.
'இரு, போயிராத.'
குருசடைத் தீவுப் பக்கம் அது நகர்ந்து தொலையும் வரை
இரண்டு பேரும் தெருவில் நின்றோம்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.
வெயில் வந்தது.
தெரிந்தது.
காய்ந்த பனையோலையின் ஓர நிறம்.
'ம்' என்றேன். அவளுக்கு அது போதவில்லை.
'நல்லாத் தெரியுது' என்றேன்.
அன்றைக்கு ராத்திரி காரப்பொடிக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

சனிக்கிழமை இவள் தங்கைக்குத் தங்கச்சிமடத்தில் நிச்சயம்.
வெள்ளிக்கிழமை மத்தியானம்
கிண்ணத்தை விம் போட்டுக் கழுவினாள்.
பதினைந்து ரூபாய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.
கறுப்பு.
'வந்து உக்காரு.'
'எனக்கா?'
'போட்டோவுல நார் மாதிரி நிக்கப்போறியா?
எங்க சித்தி வேற வருது.'

அதே நாற்காலி. அதே கிண்ணம்,
எலுமிச்சை வாசம் இன்னும் போகாமல்.
கழுத்தில் கிழிந்த துண்டு.
பழைய பல் பிரஷ்ஷால் உச்சியிலிருந்து பூசிக்கொண்டு வருகிறாள்.
அவள் குனியும்போதெல்லாம்
அந்த ஒரு விரல் அகலம் என் கண்ணுக்கு நேரே வந்து ஆடுகிறது.

ஜூன் பதினாலு ராத்திரி படகு இறங்கும்.
ஆடி பிறப்பதற்குள் இந்தக் கறுப்பில் பாதி கடலுக்குப் போய்விடும்.

'இருபது நிமிசம் தலையை ஆட்டாத.'

கீழே யாரோ இஞ்சின் ஓட்டிப் பார்க்கிற சத்தம்.
திரும்பிவிட்டேன்.
காதெல்லாம் கறுப்பு.